ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையவில்லை என்று ஒரு முதலாளி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் லேத்தில், அதாவது இரும்பு கடைகிற மெஷினில், நின்றவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா. அந்த ஒரு வரி மூன்று நாளாக மனசை அறுக்கிறது.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு 1996இல் திருப்பத்தூரிலிருந்து ரயிலேறி வந்தவன். அன்றிலிருந்து லேத்தில்தான் நிற்கிறேன், காலையில் நின்றால் சாப்பாட்டுக்குத்தான் உட்காருவது. என் கையில் வரும் ஜாப் அளவு தவறினால் பாயிண்ட் நாட் டூ மில்லிமீட்டருக்குள்தான் தவறலாம், அது ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. தப்பினால் ரிஜெக்ட் என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அளந்து பார்க்கிற மைக்ரோமீட்டர்கூட நான் சொந்தக் காசில் வாங்கியது.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? எங்கள் பட்டறையில் முப்பது பேர், இத்தனை வருஷத்தில் சிங்கிள் ஓ.டி., அதாவது ஓவர்டைமுக்கும் ஒற்றைக் கூலி, தவிர வேறு எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டவரை அடுத்த வாரம் வர வேண்டாம் என்றார்கள். அப்புறம் யார் கேட்பார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன் சம்பளம் 800 ரூபாய் கூடி 21,400 ஆனது. சந்தோஷப்பட்டோம். ஆனால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 2017இல் வைத்த அதே 21,000தான் இருந்தது, கொஞ்ச மாதத்தில் எங்கள் கார்டு செல்லாமல் போய்விட்டது. ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவியின் சர்க்கரை மாத்திரையை இப்போது மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறோம், கூடின 800 அதற்கே போதவில்லை.

என் பையனும் ஐ.டி.ஐ. முடித்தவன்தான். ட்ரெய்னி என்று இரண்டு வருஷம் 13,000 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள், வேலையோ முழு ஆபரேட்டர் வேலை. ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்து தட்டில் சோறு போட்டதும் பிசையாமல் உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கையைப் பிடித்துப் பார்த்தால், சூடான இரும்புச் சுருள் பட்டு உள்ளங்கையில் குறுக்காகத் தோல் பிளந்திருக்கிறது, கூலண்ட் எண்ணெய் அதற்குள் ஊறிப்போய் விளிம்பெல்லாம் வெளுத்திருக்கிறது. என் கையில் அதே மாதிரி ஏழெட்டுத் தழும்பு உண்டு, அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அவன் கையில் பார்த்தபோது தாங்க முடியவில்லை. போக வேண்டாம்ப்பா என்று நான்தான் சொன்னேன். இப்போது பைக்கில் பார்சல் கொண்டுபோகிறான். அவனுக்கு உடம்பு வளையவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியாது.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வரி விளம்பரத்தில் வாராவாரம் 'டர்னர், ஃபிட்டர், வெல்டர் தேவை, சம்பளம் நேரில்' என்று வருகிறது. இனி சம்பளம் எவ்வளவு, ஓ.டி. சிங்கிளா டபுளா என்று போட்டால்தான் அச்சிடுவோம் என்று சொல்லிவிடுங்கள். லக்கெரேயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்டுத் திரும்புகிறவனுக்கு அரை நாள் கூலியாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஒரு டர்னர்,
லக்கெரே, பெங்களூரு