வாய்க்கால் நீர்மட்டக் கருவிகள்: முதலில் அன்ரெனாவை உயர்த்துங்கள்

ஆசிரியருக்கு,

கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமம் வயல்களில், வாய்க்கால் நீர்மட்டத்தைத் தானே அறிவிக்கும் கருவிகளைப் பொருத்த நினைக்கும் கமக்காரர் அமைப்புகளின் கவனத்துக்கு இதை எழுதுகிறேன். கருவிக்கொரு சிம் போட்டால் மாதக் கட்டணமும் ஏறும், பற்றரியும் சீக்கிரம் இறங்கும். நீர்மட்டம் சில பைட் தகவல்தான். அதற்கு, குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைத் தொலைதூரம் அனுப்பும் லோரா வானலை தாராளம். ஆனால் கமரா படத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு கேற்வேயின், அதாவது கருவிகளின் செய்திகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டியின், அன்ரெனா உயரத்துக்குப் போகட்டும். விளம்பரத்தில் சொல்லும் 10, 15 கிலோமீற்றர் எல்லாம் தடையில்லாத வெளிக்கு. 5 கிலோமீற்றர் தூரத்தில், நடுவழியில் அலை செல்லும் நேர்கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 12 மீற்றர் தடையில்லாத இடைவெளி வேண்டும். தென்னந்தோப்பு இடையில் வந்தால் கூரையில் கட்டிய ஆறடிக் குழாய் போதாது. தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் இடம் கேட்டுப் பெறுவதே நல்லது.

உயரம் குறைந்தால் பற்றரிதான் அடிவாங்கும். சமிக்ஞை நன்றாக இருந்தால் கருவி எஸ்.எப். 7 என்னும் வேகமான அனுப்புமுறையில் ஒரு செய்தியை 60 மில்லி செக்கனில் அனுப்பிவிடும். மங்கினால் மிக மெதுவான எஸ்.எப். 12க்குப் போய் அதே செய்திக்கு 1.5 செக்கன் எடுக்கும். கால் மணிக்கு ஒரு செய்தி, அனுப்பும்போது 40 மில்லி அம்பியர் என்று கணக்கிட்டால், முதலாவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 23 மில்லி அம்பியர் மணி. இரண்டாவதற்கு 580க்கு மேல். ஒரே கருவி, ஒரே பற்றரி!

வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஐரோப்பாவின் 868 மெகாஹேர்ட்ஸுக்கானவை. ஆசிய வரிசை 923. எதற்கு அனுமதி உண்டென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டபிறகே காசு கொடுங்கள். அன்ரெனாவும் அதே வரிசைக்குரியதாக இருக்கவேண்டும். அதைப் பூட்டாமல் மின் கொடுத்தால் அனுப்பும் பகுதி பழுதாகலாம்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பொருத்துவோர் அன்ரெனா இணைப்பில் தானாக ஒட்டும் இறப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றவேண்டும். உப்புக்காற்று புகுந்து பித்தளை பச்சை பூத்தால் சமிக்ஞை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். காரணம் வெளியில் தெரியாது. ஒலி எதிரொலித்து வரும் நேரத்தால் நீர்மட்டத்தை அளக்கும் மீயொலி உணரி என்றால் வெப்பத் திருத்தம் உள்ளதையே எடுங்கள். இல்லாவிட்டால் 10 பாகை வித்தியாசத்தில் 3 மீற்றர் அளவில் 5 சென்ரிமீற்றர் பிழை வரும். வாய்க்காலுக்கு அது பெரிய பிழை.

எல்லாவற்றையும் பூட்டுமுன், ஒவ்வொரு துருசிலும் (மதகிலும்) பொருத்தப்போகும் அதே உயரத்தில் கருவியை வைத்து 20 செய்திகள் அனுப்பிப் பாருங்கள். வெறும் வயலில் அல்ல, நெல் உயர்ந்து நிற்கும் நாளில்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.