எல்கேஜி வகுப்புக்கு வந்திருக்கும் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததைப் படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே எல்லாருக்கும் ஊசி போட்டு விளையாடுவாளே" என்று அம்மா சிரித்தார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, தெருமுனை வரை நடக்கிறார்கள்.

நாலாம், அஞ்சாம் வகுப்பு எடுத்தே பழகிய உனக்கு இந்த வருஷம் எல்கேஜி கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சுத்தம், சாப்பாட்டுப் பாதுகாப்பு எல்லாம் இந்த வயசுக்கு எப்படி விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டிருந்தாய். அங்கன்வாடியில் இத்தனை காலம் இருந்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். விளையாட்டைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வை. காலையில் கை கழுவுகிற மாதிரி நடித்துவிட்டு மதியம் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால், அந்த விளையாட்டு வீண். விளையாடின கையோடு குழாயடிக்குப் போய், அங்கிருந்து நேரே தட்டுக்கு வரவேண்டும். மூன்றும் ஒட்டி வந்தால்தான் பிள்ளைகளுக்குப் பழகுகிறது.

இதை விளையாட்டு என்று லேசாக எடுத்துக்கொள்ளாதே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டது. கெட்ட உணவால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,20,000 பேர் இறக்கிறார்கள், அதில் ஏறக்குறைய 1,25,000 பேர் ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகள். மக்கள் தொகையில் அவர்கள் 9 சதவீதம்தான். நம் மடியில் உட்காருகிற வயசுடி அது.

மாம்பழக் காலமாக இருப்பதால் இப்போது நான் ஈ விளையாட்டில்தான் இருக்கிறேன். அட்டையில் ஒரு பெரிய ஈ வெட்டி, காலில் பஞ்சு ஒட்டிவிடு. ஒரு மூலையில் 'குப்பை' என்று பழைய தட்டில் மஞ்சள்தூள் பரப்பி வை. (கலர்க் கோலப்பொடி வேண்டாம், பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள்.) இன்னொரு பக்கம் வெள்ளைத் தாளை இட்லி அளவுக்கு வெட்டி இரண்டு தட்டில் வை. ஒன்றை மூடு, மற்றதைத் திறந்தே விடு. ஒரு பிள்ளை ஈயைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டபடி குப்பையில் உட்காரும், பிறகு தட்டுகளுக்குப் பறக்கும். திறந்த இட்லியில் மஞ்சள் கால்தடம் விழும். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இட்லி வெள்ளையாக இருக்கும். நீ ஒன்றும் விளக்க வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: ஈக்குப் பல் கிடையாது, மென்று தின்னாது, நம் சாப்பாட்டின் மேல் எச்சிலைக் கக்கிக் கரைத்துத்தான் உறிஞ்சும். அதைக் கேட்ட அன்றே இங்கே ஒரு வாண்டு ஆயாம்மாவிடம் போய், "சாம்பாரை மூடு" என்று அதட்டியது. ஆயாம்மாவும் சிரித்துக்கொண்டே மூடினார்கள்.

கை கழுவவும் அதே மஞ்சள்தூள்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அப்படியே வணக்கம் சொல்லி, கைகுலுக்கி, பந்து தூக்கிப் போட்டு விளையாடவிடு. கொஞ்ச நேரத்தில் பந்து, கதவு, பக்கத்துப் பிள்ளையின் கை எல்லாம் மஞ்சள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல், போகாது. பிறகு சோப்பு கொடு. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும். எந்த இடம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறதோ அங்கே சோப்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் விரலிடுக்கிலும் கட்டைவிரல் அடியிலும்தான் நிற்கும். லேசான மஞ்சள் நிறம் தோலில் கொஞ்சம் தங்கும், அதற்காகப் பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தேய்க்கச் சொல்லாதே.

தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்ததும் மிளகு ஓரத்துக்கு ஓடுகிறதே, அந்த விளையாட்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. சோப்பைக் கண்டதும் கிருமி தானாக ஓடிவிடும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்கிறது, நாம் தேய்க்கத் தேய்க்க அதோடு கிருமியும் கழன்று தண்ணீரில் போகிறது. தேய்ப்பதுதான் முக்கியம். அதற்கு 20 விநாடியாவது ஆகும். கடிகாரம் தெரியாத பிள்ளைகளுக்குப் பாட்டுதான் கடிகாரம். நான் கட்டின பாட்டு இது, இரண்டு தரம் பாடினால் சரியாக இருக்கும்:

உள்ளங்கை தேய்ச்சாச்சா, புறங்கை தேய்ச்சாச்சா,
விரலுக்கு நடுவுல நுரை புகுந்தாச்சா,
கட்டைவிரல் தம்பியைச் சுத்தித் தேய்ச்சாச்சா,
நகத்துக்குள் அழுக்கெல்லாம் வெளியே வந்தாச்சா!

நகத்தை விட்டுவிடாதே. புழு முட்டை தங்குகிற இடமே அதுதான். ஆகஸ்டில் குடற்புழு மாத்திரை கொடுக்கும்போது நகம் வெட்டுவதையும் சேர்த்து அம்மாக்களிடம் சொல்வேன். மாத்திரை விழுங்கினாலும் நகத்தில் அழுக்கு இருந்தால் மறுபடி புழு வரும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. 'கிருமி வந்து தொடும், எல்லாரும் ஓடுங்கள்' என்று ஒரு பிள்ளையைக் கிருமியாக்கி விளையாடும் வழக்கம் இருக்கிறது. அதை உன் வகுப்பில் விடாதே. மூக்கு ஒழுகும் பிள்ளையோ, துவைக்காத சட்டையோடு வரும் பிள்ளையோ அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், விளையாட்டு முடிந்த பிறகும் அதன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நம் ஊரில் தொடக்கூடாது என்ற பேச்சுக்கு எத்தனை பழைய விஷம் இருக்கிறது என்று உனக்கும் தெரியும். அழுக்கு கையில் இருக்கட்டும், அட்டை ஈயின் காலில் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் பெயரில் ஒருநாளும் இருக்கக் கூடாது.

பயமுறுத்துவதும் வேண்டாம். கொம்பு வைத்த கிருமிப் படங்களைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டையே தள்ளிவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்காகத்தான் தயிர் உறை ஊற்றிக் காட்டினேன். மதியம் கிளம்பும் முன் வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோர், காலையில் வந்து பார்த்தால் கெட்டித் தயிர். இதைச் செய்ததும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள்தான், இவை நல்லவை என்று சொன்னதும் அத்தனை முகமும் மலர்ந்துவிட்டது.

உன் பள்ளியில் டிபன் பாக்ஸ் வரும் இல்லையா? அங்கே உனக்கு வேலை அதிகம். காலை ஏழு மணிக்குக் கட்டின தேங்காய்ச் சட்னி பன்னிரண்டரைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசி. சமைத்த சாப்பாடு சும்மா வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கிருமி பெருக ஆரம்பித்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். மணத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்கவும் முடியாது. எத்தனையோ கிருமிகள் வாசனையையோ ருசியையோ மாற்றுவதே இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, பெற்றோர் கூட்டத்தில் சொல். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழக்கம் போதும்: சந்தேகம் வந்தால் டீச்சரிடம் காட்டு. காட்டின பிள்ளையைப் பாராட்டு, சாப்பாட்டைக் குறை சொல்லாதே. சமைத்துக் கொடுத்தது அதன் அம்மா.

சொப்புச் சாமானும் வாங்கி வை. சமைக்கிற விளையாட்டில் எதையும் திருத்தாமல் கொஞ்ச நேரம் சும்மா பார். வீட்டில் எப்படி நடக்கிறதோ அதையே அவர்கள் செய்வார்கள். காய் கழுவுகிறார்களா, முட்டையைத் தொட்டதும் கை துடைப்பது சேலையிலா தண்ணீரிலா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்.

அப்புறம், இதெல்லாம் தொடங்கும் முன் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார். எட்டாத குழாயும், அலமாரியில் பூட்டி வைத்த சோப்பும் இருந்தால் எந்தப் பாட்டும் உதவாது. உயரமாக இருந்தால் ஒரு மரப்பலகை போடச் சொல்லிக் கேள். சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிடு, கீழே விழாது. தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று எழுது. ஈ செய்ய நேரமில்லை என்றால் சொல்லு, இங்கே இரண்டு கூடுதலாக வெட்டி வைத்திருக்கிறேன், அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி