மே மாதம் வேண்டாம், ஐப்பசிக்கு வா

பாகூர்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

மே மாத லீவில் வந்து ஏரிக்கரையில் ஆயிரம் கன்று நட்டுவிட்டுப் போகலாம் என்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் மாதமும் சரியில்லை, எண்ணிக்கையும் சரியில்லை. மே வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். இளவேர் அறுந்துபோகும். குடம் குடமாக ஊற்றினாலும் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கிவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபரில் இரண்டு மழை பெய்து மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்ததும் நட்டால், டிசம்பர் வரை வேர் தானே இறங்கும். டிக்கெட்டை மாற்று.

இருநூறு கன்று போதும். மீதிப் பணத்தை வேலிக்கும் இரண்டு கோடைத் தண்ணீருக்கும் வை. நட்ட கன்று போவது பெரும்பாலும் முதல் கோடையில், இல்லையென்றால் ஆட்டு வாயில். பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை கன்றுக்குப் பத்து லிட்டர். வேரடி மண் காயாமலிருக்கப் பனையோலை மூடாக்குப் போடு, தண்டைத் தொடாமல்.

ஏரி நிறைந்தால் தண்ணீர் ஏறும் ஓரத்தில் நீர்மருது, நீர்க்கடம்பு, நாட்டுக் கருவேலம். சில வாரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். அதற்கு மேலே நாவல், புங்கன், இலுப்பை. தண்ணீர் தேங்காத மேட்டில்தான் வீரை, காசா, உலக்கைப்பாலை. நம் கரையோரத்துப் பழைய காட்டு மரங்கள் இவைதான், எனக்கு இவற்றின் மேல்தான் ஆசை. ஆனால் கன்றாக இருக்கும்போது நிழல் கேட்கும். முதல் வருஷமே வெட்டவெளியில் வைத்தால் கருகும். புங்கன் தலைதூக்கட்டும், பிறகு அதன் அடியில் வைக்கலாம்.

கரை மேல் பெருமரம் கூடவே கூடாது. புயலில் மரம் ஆடினால் கரை இளகும். பட்ட வேர் மக்கிய துளை வழியே கசிவு எடுக்கும். கரையின் வெளிச்சரிவு அடியில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை ஊன்று. பனைக்கு முளை முதலில் கீழேதான் போகும், பையில் வளர்த்துப் பிடுங்கினால் முறிந்துவிடும். மதகு, மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கல் பக்கம் எதுவும் வேண்டாம். தூர் வார பொக்லைன் போக வழி வேண்டும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. களிமண்ணில் மண்வெட்டி பட்ட சுவர் மொழுமொழுவென்று இறுகிவிடும். வேர் அதைத் துளைக்காமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும். கடப்பாரையால் சுவரைக் கீறிவிட்டு, மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவும் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து போடு. கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதே, அடித்தண்டு பென்சில் கனம் இருக்கிறதா பார். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அதைச் சீவிவிட்டு நடு.

ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. வெட்டி அங்கேயே போட்டால் ஈரத்தில் துண்டுக்குத் துண்டு வேர்விடும். மேட்டில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். சீமைக் கருவேலை வேரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டையில் நாலாகத் துளிர்க்கும். அதில் பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை கை வைக்காதே.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடுகிற அன்று மட்டும் கூப்பிட்டுப் போட்டோ எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மூன்று பேருக்கு ஒரு கன்று கொடு. மாதம் ஒரு நாள் அடித்தண்டில் நூல் சுற்றி அளக்கட்டும், துளிர் வந்ததா, எது கடித்தது என்று நோட்டில் எழுதட்டும். மழைக்காலத்தில் ஓரம் வழுக்கும், பெரியவர் துணையில்லாமல் இறங்கக்கூடாது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளை எல்லாம் எண்ண வேண்டும். அதற்குமுன் நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை, பாம்புத்தாரா உடம்பை மூழ்கவிட்டுக் கழுத்தை மட்டும் நீட்டும்.

பொதுப்பணித் துறைக்கு அனுமதிக் கடிதம் இப்போதே எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவர்களோடும் மீன் குத்தகைக்காரரோடும் நான் பேசுகிறேன், அவர்கள் நடக்கிற தடத்தை விட்டுத்தான் குழி குறிக்க வேண்டும். நீ வருகிற தேதியைச் சொல்.

அம்மா