ரோட்டுக்கு எவ்வளவு உப்பு போதும்?

அன்புள்ள சரவணா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். யாழினி இங்கே கனடாவில் வாட்டர்லூ போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தாள், தைரியமான பெண், நீ கவலைப்படாதே. ரோடு முழுக்க வெள்ளைக் கோடு போட்டிருக்கும் போட்டோவை அவள் அனுப்பியதாகவும், வானம் தெளிவாக இருக்கும்போது எதற்கு உப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். பனிக்காலத்தில் பனி வழித்து உப்பு போடுவதுதான் என் பிழைப்பே என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிற விஷயமும் ஒன்று இருக்கிறது.

அந்தக் கோடு நல்ல வேலையின் அடையாளம். பனி வரப்போகிறது என்று தெரிந்ததும், ரோடு காய்ந்திருக்கும்போதே, 23.3 சதவீத உப்புக் கரைசலை லாரியின் பின்னால் இருக்கும் குழாய் வரிசை வழியாக விட்டுக்கொண்டே போவார்கள். தண்ணீர் உலர்ந்துவிடும், உப்பு மட்டும் தாரோடு ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் விழும் பனி தரையைப் பிடித்துக்கொள்ள முடியாது, பிளவ் என்ற பனி வழிக்கும் வண்டி வந்தால் சுலபமாக வழித்துக்கொண்டு போய்விடும். தோசைக்கல்லில் மாவு ஊற்றுமுன் எண்ணெய் தடவுவது போலத்தான். அந்த 23.3க்கும் காரணம் உண்டு: அந்த அளவில்தான் கரைசல் கிட்டத்தட்ட மைனஸ் 21 டிகிரி வரை உறையாது, உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதற்கு முன்பே உறையத் தொடங்கிவிடும். பனி விழுந்து இறுகிய பிறகு கல் உப்பை வீசுவதைவிட இதற்கு உப்பு மிகக் குறைவு. காய்ந்த உப்பை ஓடும் லாரியிலிருந்து வீசினால் மூன்றில் ஒரு பங்கு வரை துள்ளி ஓரத்துக்குப் போய்விடும், அதனால்தான் இப்போது வீசும்போதே கரைசலால் அதை நனைத்துவிடுகிறோம்.

இங்கே பலருக்கும் புரியாத ஒன்று, உப்பின் வேலை குளிரைப் பொறுத்தது என்பது. மைனஸ் 1 டிகிரியில் 1 கிலோ உப்பு 40 கிலோவுக்கு மேல் பனிக்கட்டியைக் கரைக்கும். மைனஸ் 7 ஆனால் அதே 1 கிலோ எட்டு ஒன்பது கிலோவைத்தான் கரைக்கும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு ஏறக்குறைய சும்மா கிடக்கும். அந்தக் குளிரில் கால்சியம் குளோரைடு வேண்டும், இல்லையென்றால் பீட் சர்க்கரை ஆலைக் கழிவுச் சாற்றைக் கலந்து தெளிப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மணல். ஆனால் நடப்பது என்ன தெரியுமா? குளிர் கூடக்கூட, கரையவில்லையே என்று இன்னும் இரண்டு மடங்கு உப்பைக் கொட்டுகிறார்கள்.

உப்புக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பதும் ஒரு காரணம். ஹூரான் ஏரிக்கரையில் கோட்ரிச் என்று ஒரு சின்ன ஊர். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளை போட்டவருக்கு உப்பு கிடைத்தது. இன்றைக்கு உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கேதான், ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில். 40 கோடி வருஷத்துக்கும் முன்பு வற்றிப்போன கடலின் உப்பு அது. கப்பலிலும் லாரியிலும் வந்து இறங்கி, எங்கள் யார்டில் கூரை போட்ட கொட்டகைக்குள் மலையாகக் குவிந்து கிடக்கும். கனடா முழுக்க வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் ரோட்டில் விழுகிறது.

விழுந்தது எங்கே போகிறது? பனி மறைந்துவிடும், உப்பில் இருக்கும் குளோரைடு மறையாது. மண் அதை வடிகட்டாது, எந்தக் கிருமியும் அதைத் தின்று தீர்க்காது. மழைநீர் வடிகால் வழியாகச் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது, மிச்சம் நிலத்துக்குள் இறங்குகிறது. ஓடையில் வாழும் உயிர்களுக்கு நீண்டகால வரம்பு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்று கனடாவில் வைத்திருக்கிறார்கள். டொராண்டோ ஆறுகளில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடைகாலத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தபோதே பெரும்பாலான மாதிரிகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. கோடையில், சரவணா! குளிர்காலத்தில் போட்ட உப்பு நிலத்தடியிலிருந்து மெதுவாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

யாழினி இருக்கும் ஊரில் இது இன்னும் கிட்டத்தில் வருகிறது. வாட்டர்லூ வட்டாரத்தின் குடிநீரில் பெரும்பங்கு நிலத்தடிக் கிணறுகளிலிருந்துதான் எடுக்கிறார்கள், அந்தக் கிணறுகள் சிலவற்றில் குளோரைடு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு வருகிறது. பயப்படாதே, அவள் தாராளமாகக் குடிக்கலாம். வாட்டர்லூ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில், குடிநீரில் உப்பின் இன்னொரு பாதியான சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அது உப்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டிய நோயாளிகளுக்காக வைத்த விதி. ஆனால் கிணற்றில் ஏறிய உப்பை எடுக்கச் செலவு பயங்கரம், எடுத்தாலும் அந்தக் கழிவு உப்புநீரை எங்கேயாவது விட்டுத்தானே ஆக வேண்டும். அதனால்தான் அந்த வட்டார நிர்வாகமே முன்வந்து, உப்பை அளவாகப் போடுவதற்கு எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நானும் அந்தச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

இப்போது உறுத்தல் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2001லேயே கனடா அரசு ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று முடிவுக்கு வந்தது, 2004இல் நடைமுறை விதிகளும் வந்தன. ஆனால் அவை கட்டாயம் இல்லை, அதிலும் பொதுச் சாலைகளில் வருஷத்துக்கு 500 டன்னுக்கு மேல் போடுபவர்களுக்குத்தான். நகராட்சி லாரிகளில் இப்போது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று கம்ப்யூட்டரே கணக்கு வைக்கிறது. கடை வளாகம், அபார்ட்மெண்ட், ஆபீஸ் பார்க்கிங்? அங்கே கேட்பார் யாரும் இல்லை. நான் வேலை செய்யும் ஒரு வளாகத்தில் மேனேஜர் நேராகவே சொல்கிறார்: தரை வெள்ளையாகத் தெரிய வேண்டும், யாராவது வழுக்கி விழுந்து கேஸ் போட்டால் போட்டோ காட்ட வேண்டும். அளவு, தரையின் வெப்பநிலை, நேரம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், அதுவே சாட்சி என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. வாசல் பக்கம் நடந்தால் காலடியில் நறநறவென்று நொறுங்கும், காய்ந்த தரையில் மணிமணியாகக் கிடக்கும். பனி கரைந்து தரை உலர்ந்த பிறகும் கண்ணுக்கு உப்பு தெரிகிறது என்றால் அவ்வளவும் தேவையே இல்லாமல் போட்டது.

மேனேஜரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைச் சட்டம்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் 2013லேயே வழி காட்டிவிட்டது: பயிற்சி பெற்ற ஒப்பந்தக்காரர் முறைப்படி வேலை செய்து, கணக்கும் வைத்திருந்தால், வழுக்கி விழுந்த வழக்குகளில் அவருக்கும் இட உரிமையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. இங்கே ஒண்டாரியோவில் 2021இல் வந்த சட்டமோ, வழுக்கி விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. அது போதவே போதாது.

உப்பு தண்ணீரோடு நிற்பதும் இல்லை. எலியட் லேக் என்ற ஊரில் ஒரு மாலின் கூரைமேல் கார் நிறுத்துமிடம். வருஷக்கணக்காக ஒழுகிய உப்புத் தண்ணீர் இரும்பு இணைப்பை அரித்து, 2012 ஜூனில் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து மேல்தளப் பார்க்கிங்கில் உப்பு போட என் கை எழுவதில்லை, முதலில் நன்றாக வழித்துவிட்டுத்தான் மற்றது.

சரி, யாழினிக்கு. நல்ல பிடிமானம் உள்ள பூட்ஸாக வாங்கச் சொல், அதில் வெள்ளைக் கறை படிந்தால் வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்தால் போய்விடும். வாடகை வீட்டில் பனி வழிப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல். குடியிருப்பவர்கள்தான் என்றால் மண்வெட்டியால் உடனே வழித்துவிட வேண்டும், உப்பு அப்புறம்தான். ஒரு காபிக் கோப்பை உப்பு நடைபாதையில் பத்து கான்கிரீட் சதுரங்களுக்குப் போதும், மூட்டையோடு சாய்க்க வேண்டாம். டிசம்பர் லீவில் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், புயல் எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்து நானே போய் அழைத்து வருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முருகேசன்