விதைப்பு மிஷின் விஷயமாக

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சின்னவள் திருநெல்வேலியில் நர்சிங் சேர்ந்துவிட்டாள், வீடே வெறிச்சென்று கிடக்கிறது. மற்றதை நேரில் பேசிக்கொள்வோம். புரட்டாசி நெருங்கிவிட்டதால் நீ கேட்ட விதைப்பு மிஷின் சமாச்சாரத்துக்கே வந்துவிடுகிறேன்.

டிராக்டரில் மாட்டுகிற ஒன்பது கொக்கி மிஷினை (கொக்கி என்றால் சால் கிழிக்கிற கால்) காட்டி, எல்லாப் பயிருக்கும் இது ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் சம்மதமில்லை. அதில் பெட்டிக்கு அடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உருளைதான் விதையைத் தள்ளிவிடுகிறது. சோளம், கம்பு, உளுந்தைச் சாலில் ஒழுகவிட்டுக்கொண்டே போக அது நல்ல மிஷின். ஆனால் உன் காட்டில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 8 கிலோ வேண்டும், பை விலை உனக்கே தெரியும். ஒரே இடத்தில் நாலு விதை விழுந்து, அடுத்த இரண்டடி வெறும் சாலாகப் போனால் யாருக்கு நஷ்டம்?

அதற்குச் சாய்வுத் தட்டு வைத்த மிஷின்தான் சரி. தட்டின் ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு குழியும் ஒரு விதையை மேலே தூக்கிக் கொண்டுபோய்க் குழாயில் போடும். தட்டை மாற்றினால் அதே மிஷினில் உளுந்தும் போடலாம், கடலையும் போடலாம். கடைக்குப் போகும்போது நீ விதைக்கப் போகிற விதையையே கையோடு கொண்டு போ. தட்டில் போட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார். குழி பெரிதாக இருந்தால் இரண்டிரண்டாக விழும், சின்னதாக இருந்தால் விதை ஏறாது, இல்லை உடையும். காற்றால் உறிஞ்சி விதைக்கிற மிஷின் இன்னும் துல்லியம்தான். ஆனால் உன் பன்னிரண்டு ஏக்கருக்கு அந்த விலை தாங்காது.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட முக்கியம் ஆழம். நாம் போடுவது புழுதி விதைப்பு, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சோளத்துக்கு 5 சென்டிமீட்டர் என்று சொல்வது சும்மா இல்லை. மேலாக விழுந்த விதை ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை இறங்கிய பிறகுதான் முளைக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதே. தரையில் உருண்டு தட்டைச் சுழற்றுகிற சக்கரத்தில் முள் இருக்கட்டும். கரிசல் கட்டியில் வழுவழுப்பான சக்கரம் சுற்றாமல் இழுபடும், அந்த இடமெல்லாம் விதை விழாது. மழைக்குப் பிறகு ஈரத்தில் விதைக்கலாம் என்று நினைக்காதே. கொழுவில் மண் அப்பிக் குழாய் வாய் அடைத்துவிடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

விதை எவ்வளவு விழுகிறது என்று அளவு பார்க்காமல் காட்டில் இறக்காதே. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு வரிசை என்றால் அகலம் 1.8 மீட்டர். அந்த முள் சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள், 20 சுற்றுக்கு 30 மீட்டர் ஓடும், 54 சதுர மீட்டர். உளுந்து ஏக்கருக்கு 8 கிலோ என்றால் ஆறு குழாயிலும் சேர்த்து 107 கிராம் வரவேண்டும். மிஷினைத் தூக்கி நிறுத்தி, குழாய்க்கு ஒரு பை கட்டிச் சுற்றி, தராசில் போட்டுப் பார்த்துவிடு. ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுத்தால் எந்தக் குழாய் ஏமாற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஓட்டுகிறவரிடம் மெதுவாகப் போகச் சொல். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவர் வேகமாகத்தான் போவார், வேகம் கூடினால் தட்டு விதையைத் தவறவிடும்.

மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் இப்போதே பதிந்து வை. சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை வரை உண்டு, உன்னைப் போல அதிக நிலம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு, உச்சவரம்பும் உண்டு. ஆனாலும் இந்த வருஷம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் வாங்கு என்பதுதான் என் யோசனை. பன்றித் தொல்லை வேறு இருக்கிறது, மக்காச்சோளப் பரப்பைக் குறைப்பாயோ என்னவோ.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் காட்டுக்குத் தட்டு மிஷின் வாடகைக்கு வருகிறது. உன் விதையில் இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடு, கடைசி நாலு சாலில் அதையே போட்டுப் பார்ப்போம். அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி