களரி எழும்ப இன்னும் 393,000 ரூபா வேண்டும்: ஊரவர்க்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் வேண்டுகோள்

கண்ணகைத் தாயின் அருளை முன்வைத்து, ஊரில் இருப்பவர்களுக்கும் கடல் கடந்து வாழ்பவர்களுக்கும் வணக்கம்.

கூத்து ஆடும் வட்ட மேடையான எங்கள் கூத்துக் களரியின் வேலை பாதியில் நிற்கிறது. 30 அடி விட்டத்துக்கு, 94 அடி சுற்றில் கருங்கல் கட்டு முடிந்துவிட்டது. உள்ளே நிரப்பக் கிரவல் (சிறுகல் கலந்த செம்மண்) இல்லை. சித்திரையில் பின்னேர இடிமழை விழத் தொடங்கினால், நனைந்த மண் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. பங்குனி 15 க்குள் பணம் வந்தால்தான் வைகாசிப் பொங்கலுக்கு இந்தக் களரியில் சதங்கை கட்டலாம்.

கணக்கு இது. கல், சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாமாக 349,000 ரூபா கொடுத்தாயிற்று. இரண்டு மத்தளம், ஒரு ஹார்மோனியம், சல்லாரி (கைத்தாளம்) ஆகியவற்றுக்கு 190,000. சேர்ந்த 612,000 இல் கையில் மிஞ்சியிருப்பது 73,000. இனி வேண்டியது: கிரவல் 18 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), ஏற்றி இறக்கி உருட்டுவதோடு 126,000, பந்தலுக்கு இரும்புக் குழாயும் துணியும் 180,000, உடுப்பு, முடி, அணிகலன் 160,000.

"ஏன் கொங்கிறீற் போடவில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் நிலம் மாரிக்கு வீங்கிக் கோடைக்கு வெடிக்கும் களி. அதன்மேல் மெல்லிய கொங்கிறீற் தளம் போட்டால் ஓரிரு மாரியில் வெடிப்பு ஓடும். அதைவிட, விடிய விடிய வெறுங்காலோடு மிதித்து ஆடுகிறவனின் முழங்காலைக் கொங்கிறீற் பழிவாங்கும். ஆகவே மண் களரிதான். கிரவலை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக நான்கு படை போட்டு, ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலால் உருட்டினால் மேற்பக்கம் மட்டும் இறுகும். முதல் மழைக்கே நடு தாழ்ந்து குளமாகும். கடைசியில் புற்றுமண்ணைப் பரவி, நடுவை மூன்று அங்குலம் உயர்த்திச் சாணம் மெழுகுவோம். பந்தல் கால் மரமானால் கறையான் விடாது. அதனால் இரும்புக் குழாய். பொங்கல் முடியக் கழற்றி மடத்துக்குள் வைக்கலாம்.

இந்த ஊர் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1902 இல் கிளிநொச்சியில் இரணைமடுக் குளவேலை தொடங்கியது. அந்தத் தண்ணீரை நம்பிக் குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள் காடு வெட்டி வரம்பு கட்டினார்கள். 1958 இலும் 1977 இலும் இனக்கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகத்து உறவுகள் தப்பு மேளத்தையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். காலபோகம் வெட்டிச் சூடு மிதித்து, நெல் வீட்டுக்கு வந்த பின்தான் ஊருக்குக் கொண்டாட்டம். பகலில் வண்டில் சவாரி, இரவில் காத்தவராயன் கூத்து அல்லது கோவலன் கூத்து. சவாரி ஓடும் வெளிதான் விற்பனைக் களமும். முன்னுக்கு ஓடிய சோடிக்கு அங்கேயே விலை பேசுவார்கள். பல்லுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், ஏரில் பூட்டி நடத்தியும் பார்ப்பார்கள். நுகம், கலப்பை, வண்டிற் சில்லு எல்லாம் அன்று கைமாறும். கோயில் முன்றலில் வாழைக்குலையும் பூசணியும் "ஒருதரம், இரண்டுதரம்" என்று ஏலம் போய், அந்தக் காசில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குச் சன்மானம் கொடுத்தார்கள். எவரிடமும் கையேந்தாமல் ஊரே நடத்திய கூத்து அது. 2009 இல் போரின்போது கூத்து ஏடும் உடுப்பும் மத்தளமும் இடம்பெயர்ந்த வழியில் போயின. கூத்தின் பாட்டையும் வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் பழக வேண்டும். இந்த அவசரம் மழைக்கு மட்டும் உரியதல்ல.

அதே வழியில் பங்குனி முதல் ஞாயிறு களரி வெளியில் கமப் பொருள் ஏலம் வைக்கிறோம். கொத்துக்கலப்பை, வண்டில், தண்ணீர்ப் பம்பு, தெளிகருவி, விதைநெல், கன்றுகாலி எதையும் தரலாம். லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) தருவதானால் பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; லீசிங் பாக்கி உள்ளதை ஏற்கமாட்டோம். மாட்டுக்குப் பதிவுத் துண்டும் குறியும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர் வழியில் மறிபடுவார். பம்பை எல்லோர் முன்னும் இயக்கிக் காட்டித்தான் ஏலம் கூறுவோம். கால்வாசிப் பணம் உடனே, மிச்சம் ஏழு நாளில்.

காணித் துண்டு தருவதாகச் சொன்ன இரு குடும்பத்தாரின் மனசுக்குக் கைகூப்புகிறோம். ஆனால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேமிற் காணியை (அரச அனுமதிப்பத்திரக் காணியை) எவரும் ஏலத்தில் விற்க முடியாது. அந்தக் காணியில் விளைந்த நெல்லைத் தாருங்கள், அதுவே போதும்.

முதல் கல்லுக்குக் காசு தந்தவர்களை மறக்கமாட்டோம். வீட்டில் மா இடித்து விற்ற காசைக் கொண்டுவந்த தாய்மார், தங்கள் டிராக்டரில் கூலி வாங்காமல் மணல் ஏற்றிய பொடியள், சுவிசிலும் கனடாவிலும் இரவுவேலைக்குப் போய் மாதாமாதம் அனுப்பும் பிள்ளைகள், அத்திவாரம் வெட்டும்போது மத்தியானச் சோறு தந்த மூன்று வீட்டார், உண்டியலை உடைத்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்: உங்கள் பெயர் எல்லாம் மடத்துப் பலகையில் ஏறும். தாய் உங்கள் குலத்தைக் காக்கட்டும்.

வாக்குத் தந்து இன்னும் தராதவர்களுக்கும் ஒரு சொல். நெல்லுக்கு விலை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். நாங்களும் அதே வயலில்தான் நிற்கிறோம். ஆனால் கலியாண வீட்டுக்கு ஒரு இரவில் செலவழிக்கும் காசில் கால்வாசி இந்தக் களரிக்குப் போதும். உங்கள் அப்பு ஆடிய கூத்துக்கு ஏக்கருக்கு ஒரு புசல் நெல் கேட்பது பெரிதல்ல. பொங்கலன்று வரவு செலவு பகிரங்கமாக வாசிக்கப்படும். வாக்குத் தந்தவர்களின் பெயரும் வாசிக்கப்படும்.

ஏலத்துக்குரிய பொருளை முந்தின வெள்ளி பின்னேரத்துக்குள் சனசமூக நிலையத்தில் பதியுங்கள். பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எங்கள் பெயரில் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

களரித் திருப்பணிக் குழுவினர்