ஐடிலிங் மோட்டாரைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரேஸ் வண்டிக்குப் புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாட்டியதும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) ஆடுகிறது, அணைந்து போகிறது என்று போனால் பல பட்டறைகளில் முதலில், அப்போது எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் ஐடிலிங் மோட்டாரைத்தான் மாற்றச் சொல்கிறார்கள், பெரும்பாலும் அந்தக் காசு வீண்.

ரேஸுக்கான புது கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுகிறது. அதனால் எஞ்சினுக்குக் காற்று போகும் மனிஃபோல்டில் வெற்றிடம் குறைய, அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) அதை லோடு என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது, ஐடிலிங் மோட்டார் முழுக்கத் திறந்தும் எஞ்சின் திணறுகிறது. முதலில் கேம் டைமிங்கையும் ஹோஸ், கேஸ்கெட் கசிவையும் பாருங்கள். அப்புறம் த்ராட்டில் (காற்று வால்வு) எவ்வளவு மூட வேண்டும் என்பதை வைக்கும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைச் சிறிது திருப்பி, மோட்டார் நடுநிலையில் நின்று வேலை செய்யும்படி வையுங்கள், த்ராட்டில் சென்சாரின் மூடிய அளவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஐடிலிங் வேகத்தை 800-இலிருந்து 1,000 ஆர்பிஎம் பக்கம் ஏற்றி ஈசியூவை ட்யூன் செய்தால்தான் வேலை முடியும்.

முக்கியமான இன்னொன்று, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் இயங்குவதும் அதே வெற்றிடத்தில்தான். பிரேக் மிதி கடினமாகிவிட்டதா என்று பார்க்காமல் தயவுசெய்து டிராக்கில் இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை